வீராங்கனைக்கு ஒரு திரை

கண்டோன்மென்ட் பக்கம் முன்னாள் சிப்பாய்களுக்காக ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்டினார்கள். பதினாறு கட்டில், ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், ஒரே ஒரு ஆயா. அந்த ஆயா நான். சீனாவோடு சண்டை முடிந்த அடுத்த வருஷம் அது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிசு. அதனால் சேர்ந்த நாளிலிருந்தே அது போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ் காவிரிப் பாலத்தில் கொஞ்சம் நின்றால்கூட இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

கட்டடம் முடிந்தும் பல மாதம் பெயரில்லாமல் கிடந்தது. கமிட்டிக் கூட்டங்களில் நான்தான் காபி கொடுப்பேன். நன்கொடை கொடுத்த மூன்று பேரும் அவரவர் அப்பா பெயரை வைக்கச் சொன்னார்கள். அந்த அப்பாக்களில் ஒருவரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஒருவருக்குப் பட்டாசுச் சத்தமே ஆகாது என்று கம்பவுண்டர் சொன்னார். கடைசியில் காரியதரிசி, ரிட்டயரான சுபேதார், பழைய காலத்துக் கோட்டைச் சண்டையில் வாளெடுத்து நின்று செத்த ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். உடனே எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. மேடையில் நாற்காலி கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

அவள் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. படம் எழுத ஸ்ரீரங்கத்து ஓவியர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் காலமெல்லாம் சாமி படம் எழுதியவர். கையில் வாள் கொடுத்தார். கூடவே வைர மூக்குத்தி, நெற்றி நிறையக் குங்குமம், தலையைச் சுற்றி ஒளி. குதிரை பார்ப்பதற்குச் சிங்கம் மாதிரி இருந்தது.

படத்தை வார்டு நடுவில் மாட்டினார்கள். முதல் வாரம் ஒரு முழம் கதம்பம் வந்தது. அடுத்த வாரம் எலுமிச்சம்பழ மாலை. அப்புறம் சூடம். பர்மாவில் ஒரு காலை விட்டுவிட்டு வந்த ஹவில்தார், இருக்கிற ஒற்றைச் செருப்பையும் கழற்றிவிட்டுத்தான் படத்தைத் தாண்டுவார். வெள்ளிக்கிழமை ஊசி போடக் கூடாது என்றார்கள். டாக்டர் சாம்பிராணிப் புகையில் தும்மிக்கொண்டே நாடி பார்த்தார்.

ஒரு நாள் சுபேதார் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏம்மா, அவங்க இப்ப அம்பாள் மாதிரி ஆயிட்டாங்க. மாசத்துல அந்த மூணு நாளு நீ உள்ள வராம இருந்துக்க."

"வேற ஆள் போட்டுடுவீங்களாய்யா?"

"வேலை நடக்கணும்ல."

எனக்கு அது போதும். மூன்று நாளுக்கு வருகிறவள் முப்பது நாளும் இருந்துவிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் பெண் பெயர். அங்கே இருந்த ஒரே பெண் வெளியே நிற்க வேண்டும். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் இருந்திருந்தால் நானும் எங்காவது படமாகத் தொங்கியிருப்பேன்.

அந்த நாள் வந்தது. குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். மாற்று ஆள் அன்று கிடைக்கவில்லை. பீரங்கிக்கு அஞ்சாத பதினாறு பேர் இருந்த வார்டில் பெட்பேனைத் தொட ஒரு கை நீளவில்லை. மத்தியானத்துக்குள் சாம்பிராணி தோற்றுப்போனது. ஹவில்தாரின் குரல் குழாயடி வரை கேட்டது.

"சுபேதார் சாப், ஒண்ணு ஆயா உள்ள வரட்டும். இல்ல, நீங்க வந்து இதை எடுங்க."

சுபேதார் ஒரு வழி கண்டுபிடித்தார். டாக்டர் அறையிலிருந்த பச்சைத் திரையைக் கழற்றி வந்து படத்துக்கு முன்னால் கட்டினார். அம்பாளுக்குக் கண் மறைந்தது. நான் உள்ளே போனேன்.

நிம்மதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. திரை விழுந்தால் பதினாறு கட்டிலுக்கும் விஷயம் தெரிந்துபோகிறது. கம்பவுண்டர் என்னைப் பார்த்ததும் இருமுகிறார். திரை ஏறியிறங்கினால்தானே இந்த மானக்கேடு? நாலாம் நாள் திறக்கலாமா என்று சுபேதார் தூரத்திலிருந்து கேட்டபோது, இன்னும் இல்லை என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். தான் சுட்ட ஜப்பான்காரர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவருக்கு, இதில் இரண்டாவது கேள்வி கேட்க நாக்கு எழவில்லை. மாதங்கள் போயின. மாலைகளைத் திரைக் கம்பியிலேயே மாட்டினார்கள்.

பிறகு மதராஸிலிருந்து ஒரு பெரிய ராணுவ அதிகாரி பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. சுபேதார் சட்டை நனைய என்னிடம் வந்தார்.

"ஏம்மா, இன்னைக்காவது திறக்கலாமா?"

அன்று எனக்கு ஒரு தடங்கலும் இல்லை. ஆனால் திறந்தால் அதிகாரி மெச்சுவார், மெச்சினால் திரை போய்விடும், அடுத்த மாதம் நான் மறுபடியும் குழாயடிக்குப் போவேன்.

"திறக்கக் கூடாதுங்கய்யா."

அதிகாரி வந்தார். சுபேதார் திரையைக் காட்டி வீராங்கனையின் பெயரை மட்டும் சொன்னார். அதிகாரி ஒரு நிமிஷம் காத்திருந்தார், யாரும் திறக்கவில்லை. குதிகாலைச் சேர்த்து, பச்சைத் திரைக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பின்னாலேயே சுபேதாரும் அடித்தார்.

கையில் நிறைந்த பெட்பேனோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வேலை கிடந்தது. அவர்களுக்கும் திரைக்கும் நடுவே புகுந்து நடந்து போனேன்.