தாத்தாவின் காதில் விழுந்த வாக்கியம்

டோரீனுக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். ஏரிக்கரையில் வீடு வீடாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவள். எவனாவது வழியை மறித்து வண்டியை நிறுத்தியிருந்தால், அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுத்தான் நகர்வாள்.

"அண்ணி கத்தினா குழாய்த் தண்ணியே உறைஞ்சுபோகும்," என்பான் கொழுந்தன் வில்ஃப்ரெட்.

"உன் மூளை மாதிரியா?" என்பாள்.

பள்ளிக்கூடத்துக்கு, அந்த ஊர்ப் பூர்வகுடிகளான கிரீ மக்களின் மொழியில் புத்தகம் ஒன்று தேவைப்பட்டது. அதற்கு வாக்கியங்கள் பதிவு செய்ய நகரத்திலிருந்து ரஸல் வந்தான். அவனும் கிரீதான், தெற்கேயிருந்து. நன்றாகப் பேசக்கூடியவள் என்று டோரீனைக் கைகாட்டினார்கள். பள்ளிச் சமையலறையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தன் மகள் டெஸ்ஸாவின் படத்தைக் காட்டினான். முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு.

"பொண்ணு நாயைப் பார்த்தா. இதையே நாயை முன்னாடி போட்டுச் சொல்லுங்க, சித்தி."

சொன்னாள். பெண்ணைக் கடைசியில் போடச் சொன்னான். அதையும் சொன்னாள்.

"எப்படிப் போட்டாலும் சரிதான்டா. சொல்லோட வாலைப் பார்த்தாலே யாரு யாரைப் பார்த்தாங்கன்னு தெரிஞ்சிடும். மனசு எது மேல இருக்கோ, அது முன்னாடி வரும்."

அவனுக்கு ஒரே சந்தோஷம். ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டான்: "கரடி ஒரு ஆளைக் கொன்னுச்சு."

டோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "கரடின்னு பேரைச் சொல்லாதே. தாத்தான்னு சொல்லு. என் பையன் க்ளிஃபோர்ட் ஆத்துக்கு மேல மூஸ் மான் வேட்டைக்குப் போயிருக்கான்."

ஆட்கள் காட்டில் இருக்கும்போது கரடித் தாத்தாவைப் பற்றி விளையாட்டாகப் பேசக்கூடாது. எங்கிருந்தாலும் அவர் காதில் விழும். ரஸலின் அம்மாவும் இப்படிச் சொல்லித்தான் அவனை வளர்த்திருப்பாள். ஆனால் ஆளின் பெயர் வரும் வாக்கியம் ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில் அவனே ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தான்.

"க்ளிஃபோர்டைக் கரடி கொன்னுச்சு. இப்படிப் பேரை முன்னாடி போடலாமா, சித்தி?"

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. "அறிவிருக்காடா உனக்கு? பெத்தவ எதிர்ல உட்கார்ந்திருக்கேன், என் புள்ளையைக் கொல்றியா?"

"ஐயோ, இது சும்மா உதாரணம்."

"உதாரணமா? இந்தா, நானும் ஒண்ணு தர்றேன். டெஸ்ஸாவைக் கரடி கொன்னுச்சு! முன்னாடி போட்டாச்சா? போதுமா?"

ரஸலின் முகம் வெளுத்துவிட்டது. கருவி ஓடிக்கொண்டிருந்தது. அவனாவது புத்திகெட்டுச் சொன்னான். டோரீனோ அவனுக்கு வலிக்கவேண்டும் என்றே சொன்னாள். பல் விழுந்த குழந்தை அவளுக்கு என்ன பாவம் செய்தது? தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இருவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். காணிக்கையாகப் புகையிலையை வைத்து, கரடித் தாத்தாவிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். ரஸல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"வாயைத் திறந்து கேளுடா!"

கேட்டான். இரண்டு வாக்கியங்களையும் அழித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான்.

அந்த வாரமே க்ளிஃபோர்ட் மூஸ் தொடையைத் தோளில் சுமந்து வந்தான். சேற்றுக் காலோடு உள்ளே வந்ததற்கு வயிறு நிறையத் திட்டு வாங்கினான். தன் பிள்ளையைக் கண்ணால் பார்த்தாயிற்று. மற்றவன் பிள்ளையை எங்கே போய்ப் பார்ப்பது?

காலையில் லாரியை எடுப்பதற்கு முன் நகரத்துக்குப் போன் போடுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. 'சௌக்கியமா' என்ற பேச்சே கிடையாது.

"எங்கடா அவ?"

"ஸ்கூலுக்குக் கிளம்பிட்டிருக்கா, சித்தி. நல்லா இருக்கா. இன்னும் எத்தனை நாளைக்குக் கேப்பீங்க?"

"அவ தலை நரைக்கிற வரைக்கும் கேப்பேன். வையிடா போனை!"

கத்தினாளே தவிர, அவள் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஷூவைத் தேடி அப்பாவைக் கூப்பிடும் சின்னக் குரல் கேட்கும் வரை காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.