திருப்பி அடிக்காத மனிதர்

ஐம்பத்து மூன்றாவது வயதில், ஆர்.எஸ்.புரத்தில், பட்டப்பகலில், முன்பின் தெரியாத ஒருவரைக் கன்னத்தில் அறைந்தேன். அதற்கு முன் யாரையும் கைநீட்டி அடித்ததாக நினைவில்லை.

அப்போது ஒரு ஆங்கில நூலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவன் நான். மொழிபெயர்ப்பு அதன்பின் பிடித்துக்கொண்ட வேலை. மனிதன் ஏன் அடித்துக்கொள்கிறான், அந்தக் குணம் பரிணாமத்தில் எப்படி வந்திருக்கும் என்பதுதான் நூலின் பொருள். அதில் பக்கத்துக்குப் பக்கம் வரும் ‘அக்ரெஷன்’ என்ற சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் ஒரு வாரம் திண்டாடினேன். ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதினால் புறம்போக்கில் கடை போட்டவர்கள் ஞாபகம் வருகிறது. ‘மூர்க்கம்’ என்றால் மதம் பிடித்த யானை. கடைசியில் ‘தாக்கும் குணம்’ என்று வைத்துக்கொண்டேன். பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் என் மனைவிதான் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் படிப்பாள். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டுவைப்பாள்.

அன்று அவளுக்குப் பல் வலி. மருத்துவரைப் பார்த்துவிட்டு, தெருவோரம் நிறுத்தியிருந்த காரை எடுத்தேன். பின்னால் பார்க்கவில்லை, இண்டிகேட்டரும் போடவில்லை. வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று காரின் பக்கக் கண்ணாடியில் மோதி, தடுமாறி நின்றது. ஓட்டியவருக்கு என் வயதுதான் இருக்கும். பின்னால் அவர் மனைவி. யாருக்கும் அடியில்லை, கண்ணாடி மட்டும் உடைந்து தொங்கியது.

அவர் இறங்கி வந்தார். “ஏனுங்க, பொசுக்குன்னு எடுக்கறீங்களே, பார்த்து எடுக்கக் கூடாதுங்களா?”

“நீங்க பார்த்து வந்தீங்களாங்க?” என்றேன் நானும் இறங்கி.

எங்கள் பக்கத்துச் சண்டைகளை அந்த ‘ங்க’வை வைத்தே அளந்துவிடலாம். அது ஒட்டிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. நாய் உறுமுவதும் மாடு கொம்பைத் தாழ்த்திக் காட்டுவதும் பெரும்பாலும் கடிக்காமல் முட்டாமல் காரியத்தை முடித்துக்கொள்ளத்தான். முந்தின வாரம்தான் அதை மொழிபெயர்த்திருந்தேன். அன்று என் பேச்சிலிருந்து ‘ங்க’ எப்போது உதிர்ந்தது என்று எனக்கே தெரியாது. அவர் பேச்சில் கடைசிவரை இருந்தது.

“காரு வாங்கிட்டாப் போதுங்களா? ரோடும் உங்களுதுங்களா?” என்றார்.

நகைக்கடை வாசலில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. அடுத்து, என் உள்ளங்கை எரிந்தது. நடுவில் என்ன நடந்தது என்று யோசித்தால் இன்றும் எதுவும் அகப்படுவதில்லை.

அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “அடிச்சுப்போட்டீங்களேங்க” என்றார். அவ்வளவுதான். அவர் மனைவி வந்து சட்டையைப் பிடித்து இழுத்து, “வாங்க, போலாம்” என்றார். இருவரும் கிளம்பிவிட்டார்கள். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் ‘மோட்டார் ரீவைண்டிங், துடியலூர்’ என்று எழுதியிருந்தது.

வீடு வரும்வரை மனைவி பேசவில்லை. பல் வலி என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் மேசை முன் உட்கார்ந்தால், நான் செய்ததற்கு நூலில் எல்லா விளக்கமும் தயாராக இருந்தது. ஆண்கள் அந்தஸ்துக்காக அடித்துக்கொள்வார்கள், நாலு பேர் பார்க்கும்போது அது கூடும், ஒருமுறை தாழ்ந்தவன் கூட்டத்தில் பிறகு எழுந்திருக்க முடியாத காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. படிக்கப் படிக்க ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலே உறுத்தவும் செய்தது. அடித்தது நான் இல்லை, ஏதோ பல லட்சம் வருடத்துக்கு முந்தைய ஆள் என்பது போல மனம் நழுவிக்கொண்டே போனது.

நான்காம் நாள் அந்த அத்தியாயத்தை மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஓரத்தில் சுழிக்குப் பதிலாக ஒரு கேள்வி எழுதியிருந்தாள். ‘அவருக்கும் இதே பரிணாமம்தானே? அவர் ஏன் திருப்பி அடிக்கவில்லை?’

பதில் எழுத உட்கார்ந்தேன். பெருந்தன்மை என்று நானாக ஒன்றை நினைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை துடியலூருக்குப் போனேன்.

இரண்டு பேரிடம் விசாரித்ததில் கடை கிடைத்தது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. கிணற்று மோட்டார் ஒன்றைப் பிரித்துவைத்து, செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. அடுத்த நிமிடமே ஸ்டூலை நகர்த்தினார்.

“வாங்க. உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. “தப்பு என்னுதுங்க. வண்டி எடுத்ததும் தப்பு, கை நீட்டுனதும் தப்பு. மன்னிச்சுக்கோங்க” என்றேன். கார் ஓட்டிவரும்போது பெரிதாக ஏதேதோ யோசித்துவைத்திருந்தேன். வாயில் வந்தது அவ்வளவுதான்.

அவர் கம்பியை ஆணியில் மாட்டினார். “அடிச்சதுகூடப் பரவால்லீங்க. என்ற சம்சாரம் பார்த்துட்டு இருந்தா பாருங்க, அதுதான்.”

“நீங்க திருப்பி அடிச்சிருக்கலாம். நான் ஒண்ணும் பலசாலி இல்லீங்க.”

அவர் சிரித்தார். “உங்களப் பார்த்துப் பயப்படலீங்க. காரப் பார்த்துத்தான். நானு கையோங்கியிருந்தா அங்க நின்ன அத்தனை பேரும் உங்க பக்கம் பேசியிருப்பாங்க. போலீஸ் வந்தாலும் அப்படித்தானுங்க.”

நான் நினைத்துவைத்திருந்த பெருந்தன்மை அந்த இடத்தில் இல்லை. எதிராளியின் பலத்தை ஒரு நொடியில் எடைபோட்டு ஒதுங்கியிருக்கிறார். அதுவும் நூலில் இருக்கிறது. பலம் உடம்பில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பிறகு அவரே சொன்னார். “ஊட்டுக்கு வந்து என்ற தம்பி மேல கத்திப்போட்டனுங்க. ஒண்ணுமில்லாத விசயம். ஸ்பேனர எடுத்த எடத்துல வெக்கலீன்னு. நாலு நாளா அவன் பட்டறைக்கு வரல.”

மேல்நிலைக் குரங்கிடம் அடிவாங்கிய குரங்கு தனக்குக் கீழே உள்ளதைத் தேடிப்போய்க் கடிக்கும். அதை வகுப்பில் வருடாவருடம் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். இங்கே அந்தத் தம்பியின் முகம்கூட எனக்குத் தெரியாது, என் அடி அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. “நான் வந்து அவர்கிட்டப் பேசட்டுங்களா?” என்று கேட்டேன்.

“அது வேண்டாங்க. அத நானே பார்த்துக்கறன். நீங்க இவகிட்டச் சொல்லுங்க, போதும்” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

அவர் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது முதல்முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்டார்.

“படிச்சவங்களாத் தெரியறீங்க. உங்க ஊட்டம்மா காருக்குள்ளதான இருந்தாங்க? அவங்க என்ன சொன்னாங்க?”

“இன்னும் அதப்பத்திப் பேசலீங்க.”

“அப்ப மொதல்ல அங்க போய்ப் பேசுங்க.” கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. “டீ குடிச்சுட்டுப் போங்க” என்றார். குடித்தேன். அதற்குள் அவர் கணவர் கம்பியைக் கையில் எடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை மூடினாள்.

“அன்னைக்கு எனக்கு அவரப் பார்த்துப் பயம் வரல. உங்களப் பார்த்துத்தான் வந்துச்சு. இருபத்தஞ்சு வருசத்துல பார்க்காத மொகம்” என்றாள்.

அதற்கு நூலிலிருந்து விளக்கம் எதுவும் நான் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். “பல்லு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?” என்றாள்.

நூல் அடுத்த வருடம் வெளிவந்தது. இப்போதெல்லாம் அவள்தான் கார் ஓட்டுகிறாள். போன மாதம் பொள்ளாச்சி போகும்போது, கிணத்துக்கடவு தாண்டி ஒரு வேன்காரர் எங்களை உரசுவது போல முந்திவிட்டு, திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டித் திட்டினார். என் காது சூடானது. நகம் உள்ளங்கையில் பதிந்தது. அது வரத்தான் செய்யும், என் ஆயுளுக்குள் போகப்போவதும் இல்லை. அவள் வேகத்தைக் குறைத்து அவரைப் போகவிட்டாள். நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஜன்னலை இறக்கினேன். இருபக்கமும் தென்னந்தோப்பு, நல்ல காற்று.