கிராண்ட் கேன்யனில் ராகுகாலம்

டூர் லீடராக எனக்கு முதல் நாள். லாஸ் வேகாஸ் ஹோட்டல் வாசலில், காலை ஏழரை மணிக்கு, பஸ் எஞ்சின் போட்டபடி நிற்கிறது. லண்டனிலிருந்து நான் கூட்டிவந்த இருபத்தெட்டுப் பேரில் ஒருவரும் ஏறவில்லை.

காரணம் சிவபாதம் மாஸ்டர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவர் ஏறாவிட்டால் மற்றவர்களும் ஏறமாட்டார்கள்.

"பிள்ளை, இண்டைக்குச் செவ்வாய். மூண்டு தொடக்கம் நாலரை ராகுகாலம். இப்ப மூண்டரை. வெளிக்கிட ஏலாது."

அதுவரை லண்டன் வெம்பிளியில் ஒரு டிராவல்ஸ் கடையில் டிக்கெட் அடித்துக்கொண்டிருந்தவள் நான். "பஸ்ஸைப் பிந்த விட்டியெண்டால் திரும்பவும் கவுண்டர்தான்" என்று முதலாளி குகன் அண்ணை சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அந்தக் கவுண்டரை நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வரும்.

மாஸ்டரின் மணிக்கூட்டை எட்டிப் பார்த்தேன். லண்டன் நேரம்! மருந்து குடிக்க வசதியென்று மாற்றாமலே வந்திருக்கிறார்.

"மாஸ்டர், ராகுகாலம் சூரியனை வைச்சுத்தானே? இஞ்ச இப்பதான் காலமை. இந்த ஊர் நேரம்தான் கணக்கு."

வானத்தை அண்ணாந்து பார்த்தார். "ஓம், அது சரி" என்று முதல் ஆளாக ஏறினார். நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு.

கிராண்ட் கேன்யனின் முதல் வியூபாயின்டில் இறங்கினோம். காலடியில் அவ்வளவு பெரிய செந்நிறப் பள்ளம். லண்டன் வால்தம்ஸ்டோவிலிருந்து வந்த அக்கா ஒருவர் "ஐயோ, ஐயோ" என்று சிரிக்கத் தொடங்கினார். அது எல்லாருக்கும் தொற்றியது. ஏனென்று தெரியாமலே நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

மூன்று மணிக்குத் திரும்பவேண்டும். பிந்தினால் டிரைவர் அன்றைக்குச் சட்டப்படி ஓட்டக்கூடிய மணித்தியாலம் முடிந்துவிடும். கடைசி வியூபாயின்டில் இரண்டே முக்காலுக்கு எல்லாரையும் கூப்பிட்டேன். மாஸ்டர் மதிலில் சம்மணம் போட்டு இருந்தார்.

"மூண்டுக்கு ராகுகாலம், பிள்ளை. நாலரைக்குப் பிறகு வெளிக்கிடுவம். இந்த ஊர் நேரம்தான் கணக்கெண்டு நீதானே சொன்னனீ?"

மற்றவர்கள் கைதட்டி ஆரவாரம். இன்னும் ஒன்றரை மணித்தியாலம் பார்க்கலாமே!

அப்போதுதான் எங்கள் வீட்டு வழக்கம் ஞாபகம் வந்தது. ராகுகாலத்தில் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போகவேண்டி வந்தால், முன்னதாகவே காரில் ஏறி ரோட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தேத்தண்ணி குடிப்போம். பயணம் நல்ல நேரத்தில் தொடங்கியதாகக் கணக்கு.

"எல்லாரும் இப்பவே ஏறுங்கோ! ஒரு சுத்துச் சுத்திப்போட்டு திரும்ப இறங்கிப் பாப்பம்!"

மாஸ்டர் உட்பட எல்லாரும் ஓடி வந்து ஏறினார்கள். டிரைவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, ஹார்ன் அடித்தபடி கார் பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே ஒரே விசில். மணி இரண்டு ஐம்பத்திரண்டு. திரும்ப இறங்கினோம்.

மாஸ்டர் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, இந்தப் பள்ளத்தைத் தொடங்கேக்க கடவுள் எந்த நேரம் பாத்திருப்பார்?"

மூன்றுக்குப் பஸ் புறப்பட்டது, இருபத்தெட்டுப் பேரோடும். அதன்பிறகு நான் கவுண்டரில் இருக்கவேயில்லை.

புதிதாக டூர் லீடராக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பயணியின் நம்பிக்கையோடு வாதாடி நேரத்தைக் கரைக்காதீர்கள். அதற்குள்ளேயே ஒரு வழி இருக்கும். அடுத்த டூருக்கு அட்டவணை அடிக்கும்போது, பிக்கப் நேரத்துக்குக் கீழே அந்தந்த ஊர் ராகுகாலத்தையும் போட்டுவிட்டேன்.