இப்ராஹீம் பாயின் இடது கண்

தேக்கா மார்க்கெட்டில் இப்ராஹீம் பாயிடம் ஆட்டிறைச்சி வாங்கினால் வைத்தியம் இலவசம். முழங்கால் வலியா, கால் சூப். இருமலா, நெஞ்செலும்பு சூப். மகளுக்குப் பரீட்சைப் பயமா, அதற்கும் ஏதோ ஓர் எலும்பை எடுத்து நறுக்கிக் கொடுப்பார். ஐம்பத்தாறு வயது. விடிகாலை நான்கரை மணிக்கு வந்தால் பிற்பகல் நான்கு வரை கடையில் நிற்பார். அளவான பேச்சு. பெண்கள் வந்தால் பார்வை தராசைவிட்டு நகராது.

அப்படிப்பட்டவரைப் பற்றித்தான் பாக்கியலட்சுமி டீச்சர், பெண்டமியர் ரோடு பஸ் நிறுத்தத்தில் அவர் மனைவி சம்சுன்னிசாவைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார். டீச்சர் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்; இருபது வருட வாடிக்கை.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்சு. மூணு வாரமா பாய் என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறாரு."

சம்சுன்னிசா கைப்பையைக் கீழே வைத்தார். "டீச்சர், அந்த மனுஷனுக்குக் கண்ணடிக்கத் தெரிஞ்சிருந்தா இருபத்தெட்டு வருஷத்துல எனக்கு ஒரு தடவையாச்சும் அடிச்சிருக்க மாட்டாரா? எப்ப அடிக்கிறாரு?"

"மத்தியானம் போனாத்தான். காலையில ரொம்ப மரியாதையா இருக்காரு லா."

அன்று மாலை சம்சுன்னிசா கணவரை உற்றுப் பார்த்தார். இடது இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. நாலு வாய் சாப்பிட்டதும் அவர் ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மென்றார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டார்.

"என்ன ஆடு இது, ரப்பர் மாதிரி."

"நீங்க வெட்டிக் கொண்டாந்ததுதாங்க."

டாக்டரிடம் போகலாம் என்றால் கேட்கவில்லை. காத்து, தூக்கம் பத்தவில்லை, வயசு என்று வரிசையாகக் காரணம் சொன்னார். கடைசியில் தனக்கே ஒரு தலைக்கறி சூப்பை எழுதிக் கொடுத்துக்கொண்டார். ஒரு வாரம் குடித்தும் இமை ஏறவில்லை.

அவரை வழிக்குக் கொண்டுவந்தது கத்திதான். ஒரு பிற்பகல் தொடை எலும்பை வெட்ட ஓங்கியவருக்குக் கட்டையின் மேல் இரண்டு எலும்புகள் தெரிந்தன. ஒன்றைக் குறிபார்த்து இறக்கினார். அது இல்லாத எலும்பு. கத்தி இடது கைக்கு ஓர் அங்குலம் தள்ளி மரத்தில் பாய்ந்து நின்றது. பக்கத்திலிருந்த மச்சான் முபாரக், கடையில் பாதிப் பங்குதாரர், கத்தியைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு விரல்களை நீட்டினார்.

"மச்சான், எத்தனை விரல்?"

"நாலு."

முபாரக் காட்டியது இரண்டு. இப்ராஹீம் ஏப்ரனை அவிழ்த்தார். பக்கவாதத்தில் போன தன் வாப்பாவின் முகம் நினைவுக்கு வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அரசாங்கப் பாலிகிளினிக்கில் காலை ஒன்பது மணிக்கு நம்பர் கிடைத்தது. அந்த நேரத்தில் அவர் கண் இரண்டும் முழு நிலாப் போலத் திறந்திருந்தன. 'பாத்தியா, ஒண்ணுமில்லை' என்பது போல மனைவியைப் பார்த்தார். சம்சுன்னிசா கைத்தொலைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு வாரமாகக் காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு என்று அவருக்குத் தெரியாமல் எடுத்த படங்கள். டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, நரம்பியல் பிரிவுக்கு அவசரக் கடிதம் எழுதினார்.

நரம்பியல் டாக்டர் திவ்யதர்ஷினிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எடுத்த எடுப்பில் ஸ்கேன் எதுவும் சொல்லவில்லை. "அங்கிள், தலையை ஆட்டாம கண்ணை மட்டும் மேல தூக்கி அந்த லைட்டையே பாருங்க. நான் சொல்ற வரைக்கும்."

கால் நிமிடம் ஒன்றுமில்லை. அரை நிமிடத்தில் இடது இமை நழுவத் தொடங்கியது. ஒரு நிமிடத்தில் கருவிழியை மூடிவிட்டது. பிறகு சத்தமாக ஐம்பது வரை எண்ணச் சொன்னார். முப்பதைத் தாண்டியதும் குரல் மூக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் ஒரு கையுறையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு அவர் இமைமேல் வைத்தார். இரண்டு நிமிடம். எடுத்ததும் கண்ணாடியை நீட்டினார். இமை மேலேறியிருந்தது.

"ஐஸா? ஐஸ்லயே சரியாப்போச்சா?"

"கொஞ்ச நேரத்துல திரும்ப இறங்கிடும். ஆனா எனக்கு வேணுங்கறதை அது சொல்லிடுச்சு. ஸ்ட்ரோக்கா இருந்தா இமை ஐஸுக்குப் பயந்து ஏறாது. வேலை செய்யச் செய்யத் தளர்றதும், ஓய்வு கொடுத்தாத் தேறுறதும் ஸ்ட்ரோக்ல கிடையாது. இது மயஸ்தீனியா கிரேவிஸ் மாதிரி இருக்கு. உங்க நரம்பு நல்லாத்தான் இருக்கு, தசையும் நல்லாத்தான் இருக்கு. நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேராம உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே நடுவுல தடுக்குது."

"ரெண்டு பேரும் நல்லவங்க, பேச்சுவார்த்தைதான் இல்லைங்கிறீங்க," என்றார் இப்ராஹீம். "எங்க சொந்தத்துல நெறைய இருக்கு."

சந்தேகம் தீர இன்னும் சில சோதனைகள் நடந்தன. நரம்பில் சின்னச் சின்னதாக மின்சாரம் தட்டினார்கள். திரையில் முதல் அலை உயரமாக எழுந்தது, அடுத்தடுத்தவை குட்டையாகிக்கொண்டே போயின. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பியாம். சிலருக்கு அதில் கட்டி இருக்குமாம். அந்த ஸ்கேனுக்கு மட்டும் அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே போனார். முப்பது வருடமாக ஊருக்கே நெஞ்செலும்பு நறுக்கியவருக்குத் தன்னுடையதற்குப் பின்னால் சுரப்பி இருப்பது அன்றுதான் தெரிந்தது. கட்டி இல்லை. வெளியே வந்ததும் சம்சுன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நடைவழியில் பத்துப் பேர் பார்க்க, லிஃப்ட் வரும்வரை விடவில்லை.

டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கிய முக்கால் மணி நேரத்தில் இமை தானாக எழுந்தது. வயிறுதான் கடமுடவென்று சத்தம் போட்டது. பிஸ்கட்டோடு சாப்பிடச் சொன்னார்கள். மூச்சுத் திணறினாலோ விழுங்க முடியாமல் போனாலோ நேரே அவசரப் பிரிவுக்கு வரவேண்டும், இந்த நோய்க்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பட்டியலைப் பணப்பையிலேயே வைத்திருக்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்கள். வைத்திருக்கிறார்.

இப்போது பாய் கடையில் காலை பத்து மணி வரைதான். பிறகு கத்தி முபாரக்கின் பொறுப்பு. மதிய லுஹர் தொழுதுவிட்டு ஒரு தூக்கம், அதன்பின் எழுந்து வீட்டில் என்ன குறை என்று தேடத் தொடங்குவார். மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். மீன் பொரிக்கும் சட்டியை இடம் மாற்றினார். சம்சுன்னிசாவின் தொலைக்காட்சித் தொடரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, யார் கெட்டவன் என்று முன்கூட்டியே சொன்னார்.

மூன்றாவது மாதப் பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் திவ்யதர்ஷினி. கேட்க ஏதாவது இருக்கிறதா என்று சம்சுன்னிசாவைப் பார்த்தார்.

"டாக்டர், இவரு மத்தியானமும் கடைக்குப் போற மாதிரி மாத்திரையைக் கொஞ்சம் கூட்ட முடியுமா?"

"இன்னும் ஆறு மாசம் ஓய்வு வேணும் ஆன்ட்டி."

"எனக்கும் வேணும்," என்றார் சம்சுன்னிசா. இப்ராஹீம் பாய் தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.