சாவியைக் கொடுத்த நாள்

1964 ஜூன் 8, திங்கட்கிழமை. வழக்கம்போல் கிணற்றடியில் குளித்துவிட்டு, நாட்காட்டித் தாளைக் கிழித்தேன்.

கடலூரில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீடு அடமானத்தில் மூழ்கி ஏலத்துக்கு வரவிருந்தது. ஏலத்துக்கு முன் அதை எங்களுக்கே விற்க உரிமையாளர் சம்மதித்திருந்தார். பத்திரப்பதிவு நாளன்று ராகுகாலம் கழியட்டும் என்று நான் காத்திருந்தேன். அதற்குள் பதிவு நேரம் முடிந்துவிட்டது. வீடு ஏலத்தில் போயிற்று.

எட்டு மணிக்கு, எங்களை வெளியேற்றக் கோர்ட் அமீனா வந்தார்.

“இப்பவும் ராகுகாலந்தான். முடியறவரைக்கும் அவர நிக்கச் சொல்லட்டா?” என்று என் மனைவி என்னைக் கேட்டாள். அமீனாவே சிரித்துவிட்டார்.

அவருடைய ஆட்களைத் தொடவிடாமல் சாமான்களை அவளே வெளியே வைத்தாள். பிறகு வீட்டைக் கழுவத் தொடங்கினாள்.

“ஏம்மா, விட்டுட்டுப் போற வீட்டக் கழுவுறியே?” என்றார் அமீனா.

“வர்றவுங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான?” என்றாள். கழுவி முடித்துச் சாவியை நீட்டினாள்.

அன்று அவளோடு தெருவில் நடந்ததைப்போல் நான் என்றும் தலைநிமிர்ந்து நடந்ததில்லை.

மறுநாள் காலை சிதம்பரத்து வாடகை வீட்டில், முதல் வேலையாக, அவள் எழுவதற்குள் அடுப்பை மூட்டி அவளுக்குக் காபி போட்டேன்.