அக்கா வெட்டச் சொல்லவில்லை

அக்காவின் இந்த நினைவு மலரில் எழுதும் தகுதி எனக்கு இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். கோவை கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். எழுதத் தெரிந்த உறவினர்கள் பலர் இருக்க, நான் முந்திக்கொண்டதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. நாலு வரி எழுதினால் எழுந்து வாசல்வரை போய்விட்டு வருகிறேன். முன்பின்னாக இருந்தால் மன்னியுங்கள்.

அக்கா பிறந்தது மலையடிவாரத்தில், எங்கள் தகப்பனாரின் தோட்டத்தில். எங்கள் தாயார் இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. அன்றோடு அக்காவின் பள்ளிக்கூடம் நின்றது. எனக்குச் சோறு போட்டது மட்டுமல்ல, எனக்காகப் பேசியதும் அக்காதான். வாத்தியார் கேட்டாலும் டாக்டர் கேட்டாலும் நான் அக்கா முகத்தைப் பார்ப்பேன். பெண் பார்க்கப் போன இடத்தில், "தம்பி என்ன வேலை பாக்கறீங்க?" என்று பெண்ணின் தகப்பனார் என்னைக் கேட்டார். "லேத்துல இருக்கறானுங்க" என்றார் அக்கா. "ஏனுங்க அம்மணி, மாப்பிள்ளை அவருங்களா நீங்களா?" என்று அவர் கேட்டதும் வீடே சிரித்தது.

சிங்காநல்லூரில் மில் வேலையில் இருந்த மாமாவுக்கு அக்கா வாழ்க்கைப்பட்டார். ஒரே மகள். மாமா சீக்கிரமே காலமாகிவிட, மகளோடு தோட்டத்துக்கே திரும்பி வந்து, ஒற்றை ஆளாகத் தென்னையும் வாழையும் வைத்து மகளைப் படிக்க வைத்தார்.

தோட்டத்தின் நடுவே மலையிலிருந்து ஓர் ஓடை வருகிறது. பள்ளம் என்போம். யானையும் பன்றியும் அந்தப் பள்ளத்து வழியாகத்தான் இறங்கும், ஏறும். சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் கரண்ட் கம்பி வேலி வந்தது. அக்காவும் போடுவதாகத்தான் இருந்தார். அப்போது வேறொரு ஊரில் கம்பியில் பட்டுச் செத்துக் கிடந்த யானையைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு கம்பிப் பேச்சே எடுக்கவில்லை.

அக்கா மகள்தான் ஒரு சான்றிதழ் பற்றிச் சொன்னாள். காட்டு உயிர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் தோட்டம் செய்கிறவர்கள் தாங்களாகவே எழுதிக் கொடுக்கலாம். ஆட்கள் வந்து பார்ப்பார்கள். சரியாக இருந்தால் சான்றிதழும், கேட்டில் மாட்ட ஒரு பலகையும் தருவார்கள். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. புடவை, நகை எதற்கும் ஆசைப்படாத அக்கா அந்தப் பலகைக்கு ஆசைப்பட்டார். தன் காலத்துக்குப் பிறகும் யாரும் அங்கே கம்பி கட்டாமல் இருக்க அது ஒரு தடை என்று நினைத்தார். எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று வருஷம் பள்ளத்தோரப் புதரில் அரிவாள் படாமல் பார்த்துக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டத்து மாமா விடமாட்டார். "ஏனுங்க அம்மணி, பன்னிக்கு எலை போட்டாச்சுங்களா?"

"ரெண்டாம் பந்தி நடக்குதுங்க மாமா. வாரீங்களா?" என்பார் அக்கா.

போன வருஷம் வயிற்றில் கட்டி என்று டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்கா மகள் துணைக்கு இருந்தாள். நான் பட்டறைக்கு லீவு போட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான், சான்றிதழுக்காக வியாழக்கிழமை பார்க்க வருகிறோம் என்று போன் வந்தது.

எங்கள் பட்டறைக்கு ஆடிட் வருகிறது என்றால் மூன்று நாள் முன்பே வேலையை நிறுத்திவிட்டுக் கூட்டுவோம், கழுவுவோம், பெயிண்ட் அடிப்போம். சர்டிபிகேட் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். கம்பி கூடாது, விஷம் கூடாது என்று அக்கா சொன்னது ஞாபகம் இருந்தது. மற்றதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. நாலு ஆள் கூப்பிட்டு, மிஷின் வைத்து, பள்ளத்தின் இரண்டு கரையையும் வழித்து எடுத்தேன். சருகைக் கொளுத்தினேன். கிளுவை வேலியை மட்டமாகக் கத்தரித்தேன். தென்னைக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்தேன். அக்கா வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக் குதித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மதியம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து காரில் வந்து இறங்கினார். பள்ளத்தைப் பார்த்தபடியே நின்றார்.

"இதை யாருங்க மாமா வெட்டுனது?" என்று கத்தினாள் அக்கா மகள்.

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் கண்ணு போன்ல சொன்னேன்" என்றார் அக்கா.

"ஏம்மா? அவங்க பாக்க வர்றதே அந்தப் பொதரத்தானே! மூணு வருஷம் காப்பாத்துனதே நீங்கதானே!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "உனக்கு வெயில்ல முகமெல்லாம் கறுத்துப்போச்சு சாமி."

மறுநாள் இருவர் வந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாதான் விசாரித்தார். அக்கா மகள் டீ போட உள்ளே போயிருந்தாள்.

"இதை யாருங்க வெட்டச் சொன்னது?"

"நான்தானுங்க. பாம்பு வருதுன்னு வெட்டச் சொல்லிப்போட்டேன்."

அக்கா பாம்பைக் கண்டால், "போ சாமி, உன் வழியில போ" என்கிறவர்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்களாமே. வேற யாராவது தெரியாம வெட்டியிருந்தா சொல்லுங்கம்மா. பொதர் வளர்ந்ததும் மறுபடி வந்து பாக்கறோம். நீங்களே வெட்டச் சொன்னதுன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

நான் நாலடி தள்ளி மோட்டார் ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை போதும். வரவில்லை. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தானுங்க" என்றார். 'உரிமையாளர் சொல்லி வெட்டப்பட்டது' என்று எழுதினார்கள். அக்கா கையெழுத்துப் போட்டார்.

அக்கா மகள் பத்து நாள் தாயாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் கஞ்சி கொடுக்கும்போது, "அக்கா, சொல்லிப்போடறேன்" என்றேன். "வேண்டாம் சாமி. நாலு பேரு உன்னைப் பேசுவாங்க. உன்னால தாங்க முடியாது" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட இல்லை. ஒரு விடிகாலையில் மூச்சு நின்றது.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. புதர் இடுப்புயரம் வளர்ந்துவிட்டது. போன வாரம் இந்த நினைவு நாள் பற்றிப் பேசக் கூடியபோது, தோட்டத்தைச் சுற்றிக் கரண்ட் கம்பி போடலாம் என்று பேச்சு வந்தது. "அக்காவே கடைசியில மனசு மாறிட்டாங்கல்ல. அப்பறம் என்னங்க?" என்றார்கள். "அம்மாவே வெட்டச் சொன்னாங்க. நான் என்னத்தைச் சொல்றது?" என்றாள் அக்கா மகள். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

உறவினர் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். அக்கா மனம் மாறவில்லை. வெட்டியது நான். யாரையும் கேட்காமல் வெட்டினேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவைத் தாங்கிப் பிடித்த நர்ஸ் அம்மாவுக்கும், கார் கொண்டுவந்த தம்பிக்கும், கேலி பேசினாலும் கடைசிவரை தினமும் இளநீர் கொண்டுவந்த பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கும், தூரத்திலிருந்து காரியத்துக்கு வந்து நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதுவரை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளிடம் கொடுத்தேன்; இனி வருவது பிறகு சேர்த்தது. இரண்டு முறை படித்தாள். அச்சுக்குக் கொடுக்கிறேன் என்றாள். மறுநாள் இருவரும் பஸ் ஏறிப் போய், சான்றிதழுக்கு விசாரிக்க வந்த அந்த அம்மாவைப் பார்த்தோம். நான் பேசினேன். படிவத்தில் அக்கா கையெழுத்துக்கு மேலே இருந்த வரியை அடித்துவிட்டு, என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.