அவர் பெயரை வசனத்தில் வைத்த கதை

என் கணவர் சேலத்துப் படக் கம்பெனியில் சேர்ந்தபோது எங்கள் பையனுக்கு எட்டு மாதம். அஸ்தம்பட்டியில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். வேலை தற்காலிகம்தான். கையிலிருக்கும் படத்தை ஒழுங்காக எழுதி முடித்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக டைரக்டர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் திருச்செங்கோட்டுப் பக்கம் மாமனாரின் காட்டுக்குத் திரும்பிப் போய் ஏர் பிடிக்க வேண்டியதுதான். படிக்கவே வேண்டாம் என்ற தகப்பனார் முன்னால் போய் நிற்க அவருக்கு மனமில்லை.

படம், ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்த ஒரு காதல் நாடகம். இரண்டு நண்பர்கள் ஒரே பெண்ணை விரும்புகிறார்கள். அவள் மனதில் இருப்பது ஒருவன்தான். ஆனால் இருவருமே தன்னைத்தான் விரும்புகிறாள் என்று நம்பி அலைகிறார்கள். மேடையில் கோபம், சந்தேகம், சமாதானம் எல்லாமே பாட்டு. பெண் வேஷம் கட்டிய ஆண், காதலன் பெயரைத் திரும்பத் திரும்பப் பாடி உருகுவார். சினிமாவுக்கு அத்தனை பாட்டு ஆகாது. பாதிக்கு மேல் எடுத்துவிட்டு அந்த இடங்களில் பேச்சு வைக்க வேண்டும். அதுதான் என் கணவருடைய வேலை.

ஆண்கள் பேச்சு அவருக்குத் தடையில்லாமல் வந்தது. பெண் பேச்சு வரவில்லை. "பிராணநாதா" என்று எழுதுவார், அவரே அடிப்பார். ஒரு நாள் மத்தியானம் என்னிடம், "இதை ஒரு பொண்ணு எப்படிச் சொல்லுவா? நீ சொல்லு, எழுதிக்கறேன்" என்றார். நான் எட்டாவது வரை படித்தவள். கூச்சமாகத்தான் இருந்தது. தொட்டிலை ஆட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னேன். அதன் பிறகு தினமும் சொன்னேன். டைரக்டர் படித்துவிட்டு, "பொம்பளை பேசற மாதிரியே இருக்கு, ஊட்டுல கேட்டு எழுதினியா?" என்றாராம். அன்று நான் பட்ட பெருமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கதாநாயகனுக்கும் என் கணவருக்கும் ஒரே பெயர். அதை மாற்றவும் முடியாது. படத்தில் வைத்துக்கொண்ட பாட்டுகள் அந்தப் பெயரோடு கிராமபோன் பிளேட்டாக வந்து காபிக் கடைகளில் பாடிக்கொண்டிருந்தன. நான் சொன்ன வசனங்களில் அந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவர் என்றேன், அவங்க என்றேன். யோசித்துச் செய்ததில்லை; நாக்கு அப்படிப் பழகியிருந்தது. என் கணவரின் காதும் அப்படியே. அவர் வீட்டில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்லி அவர் கேட்டதில்லை. டைரக்டரோ பழைய நாடகத்தை மனதில் வைத்துக்கொண்டே படித்தார். ஆக, யாருக்கும் தெரியவில்லை.

நடிகை தெலுங்குப் பெண். வசனத்தை ஒரு குடும்பப் பெண் பேசிக் கேட்க விரும்பினாள் என்று என்னையும் ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார்கள். குழந்தையோடு ஓர் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரிகர்சல் நடந்தது. அப்பா வேஷக்காரர், இருவரில் யாரம்மா என்று கேட்கிறார். நடிகை தலை குனிந்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, "எம் மனசுல இருக்கறது அவருதானுங்க" என்றாள்.

இரண்டு நடிகர்களும் ஒரே சமயத்தில் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.

மேலே விளக்கருகில் இருந்தவர் சிரித்துவிட்டார். "தாலி ரெண்டா எடுத்து வைங்கப்பா" என்றது இன்னொரு குரல்.

டைரக்டர் சிரிக்கவில்லை. "எவருதான்யா? டிக்கெட் வாங்கினவன் நம்மளை வந்து கேப்பான்."

என் கணவர் தாள்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட எல்லாப் பக்கமும் அவர், அவங்க. "எந் தப்புங்க" என்றார். என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "அது நான் சொன்னதுங்க" என்றேன்.

"ஏம்மா, பேரைச் சொன்னா என்ன?"

"அது இவங்க பேருங்க."

அதற்குப் பிறகு சிரிக்காதவர்கள் கிடையாது. பையன் அழ ஆரம்பித்தான். பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கு இத்தனை அவமானம் வந்திருக்காதோ என்று தோன்றியது. திறக்காமல் இருந்திருந்தால் நான் எப்படிப்பட்ட மனைவி என்றும் தோன்றியது. நாளைக் காலைக்குள் எல்லாம் சரியாக வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று டைரக்டர் அவரிடம் சொல்லியனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் வரிக்கு வரி பெயரைச் சேர்த்தார். படித்துப் பார்த்தால் பழையபடி மேடைப் பாட்டாக இருந்தது. "எந்த இடத்துல பேர் சொல்லுவா, எந்த இடத்துல சொல்லமாட்டா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பிரியப்பட்ட ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்த பழக்கம் எனக்கு ஏது? சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தவள் இதை நம்பலாமா என்று வெட்கப்பட்டேன். நம்பாமல் சொல்லிவிட்டு நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்தேன். அவர் பென்சிலோடு காத்திருந்தார். குழந்தையின் தலையைப் பார்த்தபடி சொன்னேன். குரலே எழும்பவில்லை. "கேக்கலை" என்றார். மறுபடியும் சொன்னேன். அவர் முகம் சிவந்து, எழுந்து போய், அந்தப் புழுக்கத்திலும் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு இருவரும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினோம். கோபத்தில் ஒருமுறை, கதவுக்குப் பின்னால் நின்று ஒருமுறை, அப்பாவுக்குப் பதில் சொல்லும் இடத்தில் ஒருமுறை. மற்ற இடங்களில் வேண்டாம் என்றேன். எழுதி முடிக்கும்வரை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வேலை நிரந்தரமாயிற்று. ஆனால் ஸ்டூடியோவில் அவருக்கு "அவருதான்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்கு வரும் ஆட்கள்கூட, "அவருதான் இருக்காருங்களா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

படம் வந்ததும் மாமியாரை அழைத்துக்கொண்டு பகல் ஆட்டத்துக்குப் போனேன். நடிகை அப்பாவுக்குப் பதில் சொன்னாள், பெயரோடு. ஒருவர் மட்டும் முன்னால் வந்தார். மாமியார் என் பக்கம் சாய்ந்து, "எம் பையன் பேரை எத்தனை சுளுவாச் சொல்றா பாரு, வெக்கங்கெட்டவ. எவ சொல்லிக்குடுத்தாளோ" என்றார்.

நான் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.